தண்ணீர் கேட்காத பூமரங்கள்

என் அக்கா சீதேவிப்பிள்ளை அதுவரைக்கும் ஒரு பூமரம் நட்டவளில்லை. அவளைப் பொறுத்தவரை நெல் ஒரு பயிர், மிளகாய் ஒரு பயிர், வெண்டி ஒரு பயிர். மற்றதெல்லாம் ஆடு தின்பதற்கென்று முளைத்தவை. கல்லடியில் நான் இருந்த வாடகை வீட்டு முற்றத்தில் பால்மா டின்களில் வளர்த்த ரோசாக்களைப் பார்த்து, "இதுகள் சோறு போடுமா, கறி தருமா?" என்று வருஷக்கணக்காக நக்கலடித்தவள் அவள். அப்படிப்பட்டவள் தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு ஆவணி வெயிலில், தன்னாமுனையில் பஸ் ஏறி, ஆமி மறிக்கிற சென்றிக்குச் சென்றி இறங்கி நடந்து, வியர்த்து ஒழுக என் வாசலில் வந்து நின்றாள். வந்ததும் வராததுமாகக் கேட்டாள்:

"புள்ள, தண்ணி ஊத்தாம, ஆரும் பாக்காம, சாகாம நிக்கிற பூமரம் என்னென்ன இரிக்கு?"

"பிளாஸ்ரிக் பூ இரிக்கு. கடையில தூசி பிடிச்சுத் தொங்குது. வாங்கித் தரவா?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, செம்பிலிருந்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "மெய்யாத்தான் கேக்கிறன்," என்றாள். அப்போதுதான் இது பூவைப் பற்றிய கதையில்லை, வீட்டைப் பற்றிய கதை என்று எனக்கு விளங்கியது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுடையது. மகள் பிறந்தால் தகப்பன் கல்லுக்கும் மரத்துக்கும் அலையத் தொடங்கிவிடுவான். கலியாணம் முடிந்து மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியேற வேண்டும். வீடில்லாத பெண்ணைக் கேட்டு ஒருவரும் வரமாட்டார்கள். அத்தான் நல்லரத்தினம் வாய் பேசாத மனிதர். விளைந்த நெல்லையெல்லாம் விற்று விற்று, தன்னாமுனை பெரிய றோட்டோரத்தில் ஒற்றை மகள் கண்ணகைக்கு ஓட்டு வீடு ஒன்று கட்டினார். கட்டி முடித்த அடுத்த வருஷமே சண்டை வந்தது. தொண்ணூறில் எல்லோரும் ஓடினோம். திரும்பி வந்து பார்த்தால் கதவில்லை, யன்னலில்லை, கிணற்றுக் கப்பிகூட இல்லை. அத்தான் மறுபடியும் கதவு செய்து போட்டார்.

இப்போது என்ன வந்ததென்றால், வயல் வாவிக்கு அக்கரையில் கிடந்தது. படுவான்கரையில் இருக்கிற வட்டைக்கு, அதுதான் எங்கள் வயல்வெளிக்கு, மாரி விதைப்புக்குப் போனால் நெல்லை வெட்டி அடிக்கும்வரை அங்கேயே ஓலை வாடி கட்டிக் கிடக்க வேண்டும். நினைத்தபோது தோணி ஏறி வந்து போகிற காலமா அது? இக்கரையில் ஆமி, அக்கரையில் இயக்கம், நடுவில் வாவி. குமர்ப்பிள்ளையை அங்கே கொண்டுபோகவும் முடியாது, தனியே வீட்டில் விடவும் முடியாது. கண்ணகை என்னோடு கல்லடியில் நிற்பது என்று முடிவாகியிருந்தது. மிச்சம் வீடு மட்டும்தான்.

ஆளில்லாத வீட்டுக்கு அந்த நாளில் என்ன நடக்கும் என்பதை அறிய தூரம் போகத் தேவையில்லை. பக்கத்து வளவு இரத்தினம்மா ஓடினவள் திரும்பி வரவேயில்லை. அவளுடைய வீட்டில் முதலில் கதவு போனது, பிறகு ஓடு போனது, குசினிக்குள் எருக்கலை முளைத்தது. இன்னும் அங்காலே சும்மா கிடந்த வீடொன்றில் ஆமிக் காம்ப் வந்து குந்திக்கொண்டது.

"முன்னுக்குப் பூ பூத்து நிண்டா உள்ளுக்கு ஆள் இரிக்கெண்டு நினைப்பானுகள்," என்றாள் அக்கா. "கள்ளனும் வரமாட்டான், காம்புக்காரனும் வரமாட்டான். ஆனா நான் இல்லாத நேரம் அது பூக்கணும். அதுக்குத்தான் கேக்கிறன்."

கெட்டித்தனமான யோசனை என்றுதான் நானும் நினைத்தேன். இன்றைக்கும் அதை முட்டாள்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

"ரோசா?" என்றேன், சும்மா சீண்டிப் பார்க்க.

"உன்ர ரோசாவுக்குப் புள்ளைக்குப் பால் குடுக்கிற கணக்கா நேரத்துக்கு நேரம் தண்ணி வேணும்."

"மல்லிகை?"

"பந்தல் ஆரு போடுற?"

"அப்ப கள்ளிய நடு," என்று எரிந்து விழுந்தேன்.

"கள்ளிய நட்டா சவக்காலை எண்டு நினைப்பானுகள். ஒள்ளுப்போல யோசிச்சுச் சொல்லு புள்ள."

யோசித்தேன். கடற்காற்றும் வாவிக்காற்றும் அடிக்கிற வெறும் மணல். உவர்க் கிணறு. கட்டாக்காலி ஆடுகள். இவ்வளவையும் தாங்க வேண்டும். நித்தியகல்யாணி என்றேன். மணலே போதும், விதை தானாக விழும், தானாக முளைக்கும், ஆடு கிட்டப்போய் மணந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். குரோட்டன் என்றேன். முறித்து ஊன்றினால் சரி, பூ இல்லாவிட்டாலும் இலையே சிவப்பும் மஞ்சளுமாய் நிற்கும். செவ்வரத்தை வேண்டாம், ஆட்டுக்கு அது சோறு. கடைசியாகக் காகிதப்பூவைச் சொன்னேன். வேலியோரம் நட்டால் முள்ளுக்கு முள்ளுமாச்சு, பூவுக்குப் பூவுமாச்சு.

"அதுக்குத் தண்ணி?"

"ஊத்தக் கூடாது அக்கா. தண்ணி கண்டா இலைதான் தள்ளும். காயப்போட்டாத்தான் பூக்கும்."

அக்காவின் முகம் வெளித்தது. "அதுதான்கா எனக்கு ஏத்த மரம்," என்றாள்.

நல்ல காகிதப்பூ ஏறாவூரில் ஸஹீதா வீட்டில் இருந்தது. அவளும் நானும் ஒரே தையல் வகுப்பில் ஒரே மெசினுக்குச் சண்டை பிடித்தவர்கள். தொண்ணூறில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் நடந்த கொலைகளுக்குப் பிறகு நாங்கள் அங்கே போவதில்லை, அவர்கள் இங்கே வருவதில்லை. இரண்டு பக்கமும் செத்த வீடுகள் இருந்தன. போவதா விடுவதா என்று நான் இழுத்துக்கொண்டிருக்க, அக்காதான் முன்னுக்கு நடந்தாள். படலையில் எங்களைக் கண்டதும் ஸஹீதா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். பிறகு, "உள்ளுக்கு வாங்ககா, வெயிலுக்க நிக்காம," என்றாள். தேத்தண்ணீர் தந்தாள். அவளுடைய தம்பியின் படம் சுவரில் புதிதாக ஏறியிருந்தது. நான் பார்த்தேன், அவளும் நான் பார்த்ததைப் பார்த்தாள்.

கத்தியால் கொப்புகளைச் சரித்து வெட்டி ஈரச் சாக்கில் சுற்றித் தரும்போது மட்டும் அவள் சொன்னாள்: "பயப்படாம நடுங்க. இது மனிசர் இல்லாட்டியும் நிக்கிற மரம்."

புரட்டாசி முதல் மழைக்கு அக்கா எல்லாவற்றையும் நட்டாள். நாற்று நடுகிறவள் மாதிரி வரிசை பிசகாமல் நட்டிருந்தாள். பார்த்துவிட்டு நான் சிரித்த சிரிப்புக்கு அவளிடம் நல்லாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். போகிற அன்று கொடியில் அத்தானின் பழைய சாரம் ஒன்றைக் காயப் போட்டாள். வாசலில் ஒரு சோடி செருப்பு. படியில் சாத்திய விளக்குமாறு. றோட்டில் நின்று பார்த்தால், இப்போதுதான் கூட்டிவிட்டு உள்ளே போயிருக்கிறாள் என்றே தோன்றும்.

மாசியில் நெல்லோடு திரும்பி வந்தார்கள். பூட்டுப் பூட்டியபடியே கிடந்தது. விளக்குமாறுகூட வைத்த இடத்தில் இருந்தது. இரத்தினம்மாவின் வீட்டில் மிச்சமிருந்த கூரை வளையும் கைமரமும் கழன்று போயிருக்க, அக்காவின் முற்றத்தில் நித்தியகல்யாணி ஊதாவும் வெள்ளையுமாய்ச் சொரிந்து கிடந்தது.

அதோடு அவளுக்குப் பைத்தியம் பிடித்தது. காலையில் எழும்பியதும் முற்றத்துக்குப் போய் ஒவ்வொரு பூமரமாகப் பார்ப்பாளாம். கல்லடிக்கு வந்தால் என் டின்களுக்குள் கையை விட்டு, "இதுக்கு ஏன் இவ்வளவு தண்ணி ஊத்துற?" என்று எனக்கே பாடம் எடுத்தாள். கேட்டுக்கொண்டிருக்கிற ஆளா நான்? "நேற்று முளைச்ச தோட்டக்காரி, பொத்து வாயை," என்றேன். அவள் சந்தோஷமாகச் சிரித்தாள். சண்டை தொடங்கிய பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கண்டது அந்த வருஷம்தான்.

கலியாணமும் அந்த வருஷம்தான் பொருந்தி வந்தது. செட்டிபாளையத்துப் பொடியன், பெயர் வினாயகமூர்த்தி, சங்கக்கடையில் வேலை, தலை நிமிர்ந்து பேசமாட்டான். கண்ணகைக்குப் பிடித்திருந்தது. தேத்தண்ணீர் கொண்டுபோன கையால் அவள் தட்டத்தை மறுபடி எடுத்துவர மறந்து நின்றதிலேயே எனக்கு அது தெரிந்துவிட்டது. அவனுடைய தாய் ஆச்சிப்பிள்ளை வீடு பார்க்க வந்தபோது, படலைக்கு மேலே வளைந்து கிடந்த காகிதப்பூவுக்குக் கீழே நின்று, "இந்தக் காலத்தில இப்படி ஒரு வாசல்ல என்ர மகன் வந்து இறங்கக் குடுத்து வச்சிரிக்கணும்," என்றாள். அடுத்த மாரி விளைச்சல் கழிந்து வைகாசியில் கலியாணம் என்று நாளும் பார்த்தாயிற்று.

இரண்டாம் முறை அக்காவும் அத்தானும் அக்கரைக்குப் போனார்கள். தைப்பொங்கல் கழிந்து, மழை ஓய்ந்து வெயில் ஏறியிருந்த நேரம் நானும் கண்ணகையும் வீட்டை எட்டிப் பார்க்கப் போனோம். என் வாழ்நாளில் நான் வளர்த்த பூவெல்லாவற்றையும் சேர்த்தாலும் அந்த முற்றத்துக்குக் கிட்ட வராது. வேலி தெரியவில்லை, பூதான் தெரிந்தது. பஸ்ஸில் போகிற சனம் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டு போனது. எனக்குப் பொறாமையாக இருந்தது. கண்ணகை யன்னல்களைத் திறந்துவிட்டு, வீடு முழுக்கக் கூட்டி, முற்றத்தில் ஓரிடத்தில் போய் நின்றாள்.

"சின்னம்மா, இதில ஒரு வாங்கு போட்டா எப்படி இரிக்கும்? பின்னேரம் ரெண்டு பேரும் குந்தி இருக்கலாம்."

"ஆரு ரெண்டு பேர்? நீயும் நானுமா?" என்றேன். அவள் வெட்கப்பட்டு உள்ளே ஓடிவிட்டாள்.

தை மாதம் முடிவதற்குள் தன்னாமுனையிலிருந்து புஸ்பம் வந்தாள். அக்காவின் வீட்டுக்கு எதிர்வளவில் இருப்பவள். படலைக்குள் கால் வைக்கும்போதே சொல்லிவிட்டாள்.

"உங்கட அக்காட வீட்டுக்கு முன்னால மண்மூட்டை அடுக்குறானுகள்."

றோட்டில் ஆமி புதிதாகச் சென்றி போடுகிறதாம். பொறுப்பாக வந்த பெரியவருக்கு இருக்க வீடு தேவையாம். "ஒவ்வொரு வீடாப் பாத்துக்கொண்டு வந்தாரு. இரத்தினம்மாட வீட்டுக்குள்ள எட்டிப் பாத்திட்டு மூக்கப் பொத்தினாரு. மறுகா உங்கட அக்காட படலையடியில நிண்டாரு. ஒரு பூவப் பிச்சு மணந்து பாத்தாரு. கிறுகிப் பாத்து அவனுகளிட்ட என்னவோ சொன்னாரு. அவ்வளவுதான்."

காகிதப்பூ மணக்காது. அதுகூடத் தெரியாத ஒருவனின் கையில் என் பெறாமகளின் வீடு போயிற்று.

அக்கா நெல்மூட்டைகளோடு தோணியால் இறங்கியபோது நான்தான் போய் அவளுக்குச் சொன்னேன். அவள் என்னை ஏசவில்லை, அழவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினாள். "வா, போய்க் கேப்பம்," என்றாள்.

போய்க் கேட்டோம். பெரியவர் நல்ல மனிதர்தான், அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன். கதிரை தந்து இருக்கச் சொன்னார். எங்கள் கதிரை. தமிழ் கொஞ்சம் தெரிந்த ஆமிக்காரன் ஒருவன் நின்று சிங்களத்தையும் தமிழையும் மாற்றி மாற்றிச் சொன்னான்.

"மாத்தயா சொல்றது, வீடு குடுக்க ஏலாது. சண்டை முடிய, தாறது. மத்த வீடெல்லாம் கூரை இல்ல, பாம்பு இருக்கு. இந்த வீடு நல்லம். பூ இருக்கு."

"மகளுக்குக் கலியாணம் வச்சிரிக்கம் எண்டு சொல்லு தம்பி," என்றாள் அக்கா.

அவன் சொன்னான். பெரியவர் தலையை ஆட்டினார், நெற்றியைத் தடவினார், மறுபடி ஏதோ சொன்னார்.

"மாத்தயா வருத்தமாம். தோட்டம் ஆரு வச்சது எண்டு கேக்குது. நல்லாப் பாக்கிறமாம். ஒரு மரம் வெட்டமாட்டமாம்."

அக்கா யன்னலுக்கு வெளியே பார்த்தாள். "பாக்கத் தேவையில்ல எண்டு சொல்லு," என்றாள். "அது மனிசர் இல்லாட்டியும் நிக்கிற மரம்."

அவன் அதை மாற்றிச் சொன்னானா இல்லையா, தெரியவில்லை.

வெளியே வந்து றோட்டில் நடக்கும்போதுதான் அவள் உடைந்தாள். "நான்தான் புள்ள வீட்டக் காட்டிக் குடுத்திட்டன். கஞ்சலும் குப்பையுமா விட்டிருந்தா ஓடுதான் போயிருக்கும். ஓடு போனா ஓலையால வேயலாம். கதவு போனா சாக்கத் தொங்க விடலாம். பூவ வச்சுக் கூப்பிட்டுக் குடுத்திட்டனே."

நான் ஏசினேன். அவனுக்கு வேண்டுமென்றால் பூ இருந்தாலும் எடுப்பான், புல்லிருந்தாலும் எடுப்பான், நீ என்ன கடவுளா என்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். ஏசி முடிந்ததும் இரண்டு பேரும் இரத்தினம்மாவின் வேலியோரம் நின்று அழுதோம். அந்தக் கூரையில்லாத வீட்டைக் காட்டி அக்கா, "இது இரத்தினம்மாட வீடாத்தானே இரிக்கு," என்றாள்.

ஆச்சிப்பிள்ளையைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. நேரில் வந்தாள். அழுதுகொண்டுதான் கேட்டாள்: "மாப்பிள்ளைய எந்த வாசல்ல கொண்டு வந்து இறக்குற, சொல்லுங்க?" எனக்கிருந்தது வாடகை வீட்டு வாசல்தான். வைகாசி ஆவணியானது, ஆவணி தையானது. அதற்குமேல் பொறுக்க அவர்களுக்கு முடியவில்லை. களுவாஞ்சிக்குடியில் வீட்டோடு ஒரு பெண் கிடைத்தது. அந்தச் செய்தி வந்த பின்னேரம் கண்ணகை கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு, தோய்த்த உடுப்பையே மறுபடி சவர்க்காரம் போட்டுத் தோய்த்தாள். கிட்டப் போய்த் தோளில் கை வைத்தபோதுதான் அழுதாள்.

அத்தான் அதற்குப் பிறகு அக்கரையிலேயே கிடக்கத் தொடங்கினார். அக்கா எங்களோடு வந்து ஒதுங்கினாள். சும்மா இருந்து என்ன செய்வது என்று ஸஹீதாதான் சொல்லியனுப்பி, கண்ணகையைத் தன் வீட்டில் தைக்கக் கூப்பிட்டாள். கண்ணகை நாளாந்தம் ஏறாவூருக்குப் பஸ்ஸில் போய் வந்தாள். போகிற வழியில் தன்னாமுனைச் சென்றியில் எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக நடக்க வேண்டும். அந்தச் சென்றி அவளுடைய வீட்டுப் படலைக்கு நேர் முன்னால் இருந்தது. போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை அவள் தன் வீட்டு வாசலில் அட்டையைக் காட்டிவிட்டு நடந்தாள். யாரிடமும் அது தன் வீடென்று சொன்னதில்லை. சொல்லி என்ன?

அக்கா பின்னேரங்களில் கேட்பாள்: "நிக்குதா?"

"நிக்குதம்மா."

"பூத்திரிக்கா?"

"ஓம்."

அவை பட்டுப்போக வேண்டும் என்று அவள் அம்மன் கோயிலில் நேர்ந்துகூடப் பார்த்தாள். பூவைத் திட்டிப் பிரார்த்தித்த பக்தை உலகத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள் என்று பகிடி பண்ணினேன். பண்ணியிருக்கக் கூடாது, ஆனால் எனக்கு வேறு எப்படிப் பேசவும் தெரியாது.

ஒரு நாள் கண்ணகை வந்தபோது கையில் நீளமாக ஏதோ இருந்தது. காகிதப்பூக் கொப்பு; சரித்து வெட்டி, அடியை ஈரத் துணியால் சுற்றியிருந்தது.

"ஸஹீதா தந்ததா?" என்று கேட்டேன்.

"இல்ல சின்னம்மா. சென்றியில, தமிழ் கதைக்கிற ஆமிக்காரன். வேலி வெட்டிக்கொண்டு நிண்டான். நான் நிண்டு பாத்திட்டன்போல. பூ ஆசை எண்டு நினைச்சானோ தெரியாது. கூப்பிட்டுத் தந்தான்."

"என்ன சொன்னான்?"

அவள் தாயைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "கொண்டு போய் உங்கட வீட்டில வையுங்க எண்டான். தண்ணி ஊத்தக் கூடாதாம். சும்மா விட்டாலே நல்லாப் பூக்குமாம்."

குசினிக்குள் பானை கொதித்துக்கொண்டிருந்தது. ஒருவரும் போய் இறக்கவில்லை. அக்கா எழும்பி வந்து கொப்பை வாங்கி, துணியை அவிழ்த்து, அடியைத் தடவிப் பார்த்தாள். நல்ல முற்றின கொப்பு, கணுவில் பச்சை கட்டியிருந்தது. எந்த மண்ணில் ஊன்றினாலும் பிடித்துவிடும்.

முற்றத்தைப் பார்த்தாள். என்னுடைய டின்கள், வீட்டுக்காரரின் சீமெந்துத் தரை, அதற்கப்பால் வீட்டுக்காரரின் மதில்.

"எங்க புள்ள இத நடுற?" என்று கேட்டாள்.

எதற்கும் பதில் வைத்திருப்பவள் நான். ஊரே என் வாய்க்குப் பயம். அன்றைக்கு நான் எழும்பிப் போய்ப் பானையை இறக்கினேன்.